ஐந்தாம் தேர்வுக்கு ஆறாம் தேர்வின் விடை

அச்சு மணக்கும் சிவகாசி மண்ணில் அறிவு மணக்க வேண்டும் என்று இந்த மாலை அவையைக் கூட்டி, அதற்குத் தலைமையும் ஏற்றிருக்கும் அச்சக உரிமையாளர் ராஜபாண்டியன் அண்ணாச்சி அவர்களே! என் நூலை வெளியிட வந்து, ரிப்பன் சுற்றிய பொட்டலத்தை மடியில் வைத்துக் காத்திருக்கும் பேராசிரியை அருணாதேவி அம்மையார் அவர்களே! காலண்டர் சீசனிலும் மெஷினை நிறுத்திவிட்டு வந்த தோழர்களே! நாரணாபுரத்திலிருந்தும் அச்சங்குளத்திலிருந்தும் வேலை முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! நரைத்த தலையோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவட்டும். நாகூர் கனியின் பணிவான வணக்கம்.

விருதுநகரில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்பவன் நான். வற்றலைத் தொட்ட கையால் வரலாற்றையும் தொட்டவன் என்று தலைவர் சற்றுமுன் புகழ்ந்தார். அந்தப் புகழைக் கேட்டு எனக்கு வியர்த்தது. நாற்பது ஆண்டுகளாக மேடை ஏறுகிறேன், இன்றுபோல் கைபேசியோடு ஏறியதில்லை. இந்த மேசை மேல் என் கைபேசியை வைத்திருக்கிறேன், மன்னியுங்கள். அது ஒலித்தால் பேச்சை நிறுத்திவிட்டு எடுப்பேன்.

ஏன் தெரியுமா? இந்த நிமிடம் இங்கிலாந்திலே, லெஸ்டர் நகரிலே, என் மகள் ஹாதியா ஒரு கணிப்பொறியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பிரிட்டனின் வரலாறு, வாழ்க்கை, ஆட்சிமுறை பற்றி இருபத்துநான்கு கேள்விகள். நாற்பத்தைந்து நிமிடம். பதினெட்டு சரியாக இருந்தால்தான் அந்த நாட்டில் நிலையாகத் தங்க விண்ணப்பிக்கலாம். அவள் விசா முடிய இன்னும் பதினொரு நாள். தோற்றால் மறுபடி எழுத ஏழு நாள் காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே, பேத்தி அங்கே, இவள் மட்டும் எங்கே? இதுதான் என் கவலை.

அவளுக்காக எழுதியதுதான் இந்த நூல். ஆங்கிலத்தில் எழுதப் போகும் தேர்வைத் தமிழில் புரிந்துகொள்ள ஐந்நூறு வினா, ஐந்நூறு விடை; மாதிரித் தேர்வுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விடையையும் தனித் தலைப்பில் கொடுத்திருக்கிறேன். நார்மண்டி வில்லியம் வென்ற ஆண்டு எது? ஆயிரத்து அறுபத்தாறு. மன்னனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று மாக்னா கார்ட்டா சாசனம் சொன்ன ஆண்டு எது? ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து. நாடாளுமன்றத்தின் அடியில் முப்பத்தாறு பீப்பாய் வெடிமருந்தோடு ஆள் பிடிபட்டது எப்போது? ஆயிரத்து அறுநூற்று ஐந்து. என்ன அண்ணாச்சி, அங்கன பின்வரிசையில? "லைசென்ஸ் வச்சிருந்தானா"ன்னு கேட்கிறீகளா? இல்லை ஐயா, அதனால்தான் மாட்டினான்!

சிரியுங்கள். நீங்கள் சிரித்தால் எனக்கும் மூச்சு வருகிறது.

மெஷினிலிருந்து இறங்கிய முதல் பிரதியை மூன்று வாரத்துக்கு முன்னால் லெஸ்டருக்கு விமானம் ஏறிய ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். "அங்கன விற்கிற இங்கிலீஷ் கையேட்டை மூடி வை, அத்தா புத்தகம் போதும்" என்றேன். பெருமை! பெற்றவனின் பெருமை, எழுதியவனின் பெருமை, பேர் அச்சில் வந்தவனின் பெருமை!

இன்று மாலை நாலரை மணிக்கு இந்த மேடைப் படியிலே ஒரு பெண் என்னை மறித்தார். பெயர் பொன்னுத்தங்கம். அண்ணாச்சி அச்சகத்தில் அச்சான தாளை மடித்து, பக்கம் சேர்த்துக் கட்டுபவர். மடிக்கும்போதே படிப்பவர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"பாய், கோவிச்சுக்கிறாதீக. எட்டாம் ஹென்றி ராசாவுக்கு முதல் தேர்வுல ஆறு பொண்டாட்டின்னு போட்டிருக்கீக. அஞ்சாம் தேர்வுல எட்டுன்னு வருது. இருவது பக்கத்துக்குள்ள ரெண்டு கூடிருச்சா? நான் ஆறாம் தேர்வு விடையை எடுத்து அஞ்சாம் தேர்வுக்கு வச்சுப் பார்த்தேன். அம்புட்டும் சரியா வருது. விடைத் தலைப்பு ரெண்டும் மாறிக் கெடக்கு பாய்."

அவையோரே! கைபேசியை எடுத்தேன். அங்கே காலை பதினொன்று. தேர்வறைக்குள் போனவளின் கைபேசி அணைந்து கிடந்தது. ஒருமுறை, இருமுறை, ஏழுமுறை அழைத்தேன்.

தலைவர் ஏன் எழுந்துவிட்டீர்கள்? அமருங்கள் அண்ணாச்சி, குற்றம் உங்கள் மெஷின் மேல் இல்லை. கடைசிப் புரூஃபை என் கையில் கொடுத்து, "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க பாய், காலண்டர் லோடு காத்துக் கெடக்கு, ஆனாலும் உங்களுக்காக ஒரு நாள் நிறுத்துறேன்" என்றவர் நீங்கள். "நான் எழுதினதை நானே படிக்கணுமா" என்று நின்ற நிலையில் கையெழுத்துப் போட்டவன் நான். மெஷின் பொய் சொல்லாது. கொடுத்ததைத்தான் அடிக்கும்.

இதோடு போயிருந்தால் இது அச்சுப் பிழை. இனி சொல்லப் போவது அப்பன் பிழை.

ஹாதியா என்னிடம் கேட்டாள்! முதல் வாரம் கேட்டாள்: "அத்தா, ஹென்றிக்கு ஆறுன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைக பாட்டாவே பாடுதுக. உங்க புத்தகத்துல எட்டுன்னு இருக்கே?" நான் சொன்னேன், "அச்சுல ஏறினது தப்பாகுமா? படி." இரண்டாம் வாரம் கேட்டாள்: "பிரபுக்கள் சபைக்கு மக்கள் ஓட்டுப் போடுவாகன்னு இருக்கு. இங்கன யாரும் போடலையே அத்தா?" நான் சொன்னேன், "உனக்கு ரொம்பத் தெரியுமோ? படி." மூன்றாம் வாரம் கேட்டாள்: "பொம்பளைகளுக்கு ஆம்பளைகளுக்குச் சமமா ஓட்டு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டுல. உங்க புத்தகத்துல பதினெட்டுன்னு இருக்கு, அது முப்பது வயசு தாண்டினவுகளுக்குத்தானே?" நான் கத்தினேன். "எழுதினவன் நானா நீயா?" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இந்தப் புத்தகத்தின் எட்டாம் தேர்வில் ஒரு வினா இருக்கிறது. பிரிட்டனில் நாடாளுமன்றம் கூடும் தொடக்க நாளில் மன்னர் பிரபுக்கள் சபையில் அமர்ந்து, மக்களவையினரை அழைத்துவரக் கருங்கோல் ஏந்திய தூதரை அனுப்புவார். தூதர் வாசலுக்கு வந்ததும் மக்களவை என்ன செய்யும்? மாலை போடுமா? மேளம் கொட்டுமா? முகத்துக்கு நேரே கதவை அறைந்து சாத்தும்! அவர் கோலால் மூன்று முறை தட்ட வேண்டும். பிறகுதான் திறக்கும். ஆயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டில் ஒரு மன்னர் படையோடு புகுந்து ஐந்து உறுப்பினரைப் பிடிக்கப் பார்த்தார். அன்று முதல் இன்றுவரை, அவை கூடியிருக்கும்போது எந்த மன்னரும் அந்த மன்றத்துக்குள் காலடி வைத்ததில்லை.

முடியைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்களின் கதையை எழுதிய கை இது. இந்தக் கைதான் மகளைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. அவளும் மூன்று முறை தட்டினாள். மக்களவைகூட மூன்றாம் தட்டுக்குத் திறக்கிறது, நான் திறக்கவில்லையே! மன்னனைக் கேள்வி கேள் என்று ஊருக்கு எழுதுவோம், வீட்டுக்குள்ளே வேறு சட்டமா? கேள்வி கேட்ட மாணவியை உட்கார வைத்த ஆசிரியர் இங்கே இல்லையா? பொன்னுத்தங்கத்தை "வேலையப் பாரு" என்று அடக்கிய மேஸ்திரி இங்கே இல்லையா? இருக்கிறீர்கள், நானும் இருக்கிறேன்.

அருணாதேவி அம்மையாரே, அந்த ரிப்பனை அவிழ்க்காதீர்கள். இந்த நூலை இன்று வெளியிட வேண்டாம். முன்கூட்டியே பிரதி வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்வேன். திருத்திய புரூஃபைப் பொன்னுத்தங்கம் அம்மா பார்த்துச் சரி என்ற பிறகே என் கையெழுத்து. அம்மா, எழுந்திருங்கள். கை தட்டுவதானால் அவருக்குத் தட்டுங்கள்!

பொறுங்கள். பொறுங்கள், ஒலிக்கிறது. அவள்தான்.

என்னம்மா? எளுதிட்டியா? மேடையிலதான் நிக்கேன், மைக்குலயே பேசுதேன், சொல்லும்மா... ஹென்றிக்கு எட்டுன்னா அமுக்குன?

அவையோரே, கேட்டீர்களா? "நீங்க சொன்னபடியே எட்டுன்னு போட்டேன் அத்தா, பொம்பளை ஓட்டுக்கு மொதல்ல இருபத்தெட்டை அமுக்கிட்டு, நீங்க வைவீகன்னு பதினெட்டா மாத்திட்டேன்" என்கிறாள். மற்றவை எப்படியோ தெரியவில்லையாம். முடிவு இன்னும் வரவில்லையாம்.

ஹாதியா, நீ கேட்டது மூணும் சரிம்மா. புத்தகம் தப்பு. அத்தா தப்பு. என்னை மன்னிச்சிரும்மா... ஆமா, எல்லார் முன்னாலயும்தான் சொன்னேன். இந்தா, அம்புட்டுப் பேரும் கேட்டுக்கிட்டு இருக்காக... சரிம்மா. சரி.

அழைப்பு முடிந்தது. அவள் அழவில்லை, ஐயா. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். "தோத்திருந்தா ஏழு நாள் இருக்கு, அந்த இங்கிலீஷ் கையேட்டை இப்பவே தொறக்கப் போறேன். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது அத்தா" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. என் மகளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு பக்கம் பேச எழுதி வைத்திருந்தேன். பேசவில்லை. வணக்கம்.