மலை மேல மச்சான், கேட்டுக்கு வெளிய நான்

…பூங்கான்னு போர்டு வச்சிருக்கானே, ஒரு பூவக் காட்டச் சொல்லுங்க பாப்போம். காலையில பத்து மணிக்கு உள்ள போனேன் சார். ஏறு, ஏறு, ஏறு… ஏறி நின்னா என்ன இருக்கு? பனி மூட்டம். அத எங்க வீட்டு பாத்ரூம்ல வெந்நீர் போட்டாலே பாத்துக்கலாம். தள்ளி உக்காருங்க, அந்தப் பக்கம் பெஞ்சு ஈரம். பஸ்ஸு அஞ்சரைக்குத்தான்.

தனியா வந்தீங்களா? குடுத்து வச்சவரு. நான் எங்க அக்கா வீட்டுக்காரரோட வந்தேன். மச்சான் பூகோள வாத்தியாரு, ரிட்டையர் ஆயிட்டாரு. வாய் மட்டும் இன்னும் ஆகல. ஒரு பாறையப் பாத்தாப் போதும், நின்னுடுவாரு. இதுக்கு எத்தன கோடி வயசு தெரியுமாம்பாரு. எனக்கெதுக்கு சார், நானா அதுக்குப் பொண்ணு பாக்கப் போறேன்? அப்புறம் அருவிகிட்ட உக்காந்து பென்சிலால படம். அரை மணி நேரம்… நான் தொணதொணன்னு பேசுறதுல பறவையெல்லாம் பறந்துடுதாம். என்னப் பாத்து சொல்றாரு சார். நானா பேசுறவன்?

சுருக்குன்னு ஆயிடுச்சு. நீங்களே உங்க பறவையக் கட்டிக்கிட்டு அழுங்கன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு இறங்கிட்டேன்.

இங்க வந்தா அந்த கேட்டுக்காரன். உள்ள போறப்ப நோட்டுல பேர் எழுதணும், வெளிய வர்றப்ப பேருக்கு நேரா கையெழுத்து போடணும். பிளாஸ்டிக் ஆகாதுன்னு என் சிப்ஸ் பாக்கெட்டக் காலையிலயே புடுங்கி வச்சுக்கிட்டான். இப்பக் குடுய்யான்னா, ரெண்டு பேருக்கும் ஒரே டோக்கன், ரெண்டு பேரும் வந்தாத்தான் தருவேங்கிறான். சிப்ஸுக்கும் மச்சானுக்கும் என்ன சார் சம்பந்தம்? காலையில தின்ன ரெண்டு பிரட்டு, கண்ணு இருட்டுது எனக்கு.

இந்தாங்க, சிப்ஸ் எடுத்துக்குங்க, பரவால்ல. …எப்படிக் கிடைச்சுதுன்னா கேக்குறீங்க? கிடைச்சுது, விடுங்க.

மணி அஞ்சே கால். மச்சான இன்னும் காணோம். மேல டவரும் இல்ல. அக்கா ரூம்ல முட்டி வலின்னு படுத்திருக்கா. "அவருக்குச் சாயங்காலமானா கண்ணு தெரியாதுடா, கூடவே இரு"ன்னு ஆயிரம் தடவ சொல்லி அனுப்பினா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் போய் நிப்பேன்? பயமா இருக்கு சார்.

அந்த கேட்டுக்காரனுக்கு மனசாட்சி இருக்கா? அஞ்சு மணி ஆச்சு, விசில் ஊதினான், நோட்டப் பாத்தான், எல்லாரும் வந்தாச்சுன்னு கேட்டப் பூட்டிட்டு ஜீப்ல ஏறிப் போயிட்டான். உள்ள ஒரு வயசான மனுஷன் நிக்கிறாரே, ஒரு எட்டு போய்ப் பாக்க வேணாம்? சம்பளம் எதுக்கு வாங்குறானுங்க…

நானா? சொல்லியிருக்கலாம்தான். வாய் வரல. எப்படி வரும்? நோட்டுல மச்சான் பேருக்கு நேரா கையெழுத்து இருக்கே. நாலு மணிக்கே விழுந்தாச்சு. அவரு பாத்ரூம் போயிருக்காருன்னு சொல்லி… நான்தான் சார் போட்டேன். பசி.

என்ன எந்திரிச்சிட்டீங்க? ஜீப்பையா? வளைவுல டீக்கடையில நிக்கும், ஓடினா புடிச்சிடலாம். …நானா? நான் வந்தா என்னன்னு சொல்றது? நீங்க போங்க, நீங்க போனாத்தான் நம்புவான். ஆள் உள்ள இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. கையெழுத்து சமாச்சாரம் வேணாம்… சார்… கேட்டான்னா, அவரே போட்டாருன்னு சொல்லிடுங்க சார்.