இடது கையில் இருந்தது

மெதுவாம்மா. அந்தக் கேள்விய அவ காதுல விழற மாதிரி கேக்காதீங்க. அவ கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த முதல் நாளே கண்டுபிடிச்சிட்டீங்களே! உக்காருங்க, என் சம்சாரம் டீ போட்டுட்டு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். வெட்டுப்பட்டது சுண்டு விரல், மணிக்கட்டுக்கு மேல தழும்பு எதுக்குன்னுதானே?

கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒட்டி வச்சு மணிக்கட்ட மடக்குங்க. நடுவுல கயிறு மாதிரி ஒண்ணு எழும்புதா? ஆங், நீங்க படிச்சதுதான். மணிக்கட்ட மடக்கற சின்னத் தசையோட நாண். இருந்தும் பெரிசா பிரயோஜனம் இல்ல, அதனாலதான் வேற எங்கயாவது நாண் அறுந்தா இத எடுத்து ஒட்டுப் போடறோம். சில பேருக்குப் பொறப்புலயே கெடையாது. சில பேருக்கு ஒரு கையில மட்டும் இருக்கும்.

ஆமா, நானும் கை ஆபரேஷன் டாக்டர்தான். இருக்கான்னு பாத்துட்டு வெட்டுங்கடா, இல்லேன்னா கத்தி நேரா அடியில இருக்கற நரம்புலதான் போய் நிக்கும்னு எங்கிட்ட தொழில் கத்துக்கற பசங்கள எத்தன திட்டு திட்டியிருப்பேன்! ஊருக்குத்தான் உபதேசம்.

ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு அவ வலது சுண்டு விரல் நாண் அறுந்துபோச்சு. கட்டுப் போட்டிருந்த கைய மடக்கச் சொல்ல முடியல. இடது கையில பாத்தாச்சு, நல்லா எழும்பிச்சு. வலதுலயும் இருக்கும்னு ஒரு நெனப்பு.

தொறந்தா வெள்ளையா ஒண்ணு. வெட்டியாச்சு. முனை நாண் மாதிரி வழவழன்னு இல்லம்மா, நரம்பு மாதிரி இழை இழையா இருந்துச்சு. இன்னைக்கும் நூல் நுனியப் பாத்தா எனக்கு வேர்க்குது. உடனே வச்சுத் தைச்சும் பலன் இல்ல. மூணு விரல்ல உணர்ச்சியே போச்சு. அப்புறம் இடது கை நாண எடுத்து, சுண்டு விரல மட்டும் சரி பண்ணியாச்சு.

யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லாதீங்க. சறுக்கினா யானைதானே விழணும்?

கேஸா? அவளுக்குத் தெரிஞ்சாத்தானே. கண்ணாடிதான் மணிக்கட்டு வரைக்கும் கிழிச்சிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கு, ஒம்பது வருஷமா.

இதோ வந்துட்டா. கப்ப சட்டுன்னு வாங்கிக்குங்க, சுடறது அவளுக்குத் தெரியாது. சுண்டு விரல மடக்கிக் காட்டுவா பாருங்க. வேற யாரையும் தொட விடல, என் வீட்டுக்காரர் கை பட்டதாலதான் இந்த விரலாவது பொழைச்சுதுன்னு வர்றவங்ககிட்டெல்லாம் சொல்லுவா. கேட்டுட்டு சிரிச்சிடுங்கம்மா. நான் அப்படித்தான் சிரிச்சிட்டிருக்கேன்.