மூன்றடித் தீர்ப்பும் காய்க்காத கொடித்தோடையும்

தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஓய்வுநிலை அதிபர் கனகரெத்தினம் ஐயா அவர்களே, பள்ளிவாசல் நிருவாகத்து மூத்தோரே, வலப்புறம் நிறைந்திருக்கும் தாய்மாரே, உம்மாமாரே, என்னிடம் உயிரியல் கற்ற மாணவச் செல்வங்களே! அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

ஊரின் வேலிப் பிணக்குகளை இருபது ஆண்டுகள் விதி வழுவாது தீர்த்தவன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மாசியில் நான் வழங்கிய ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு, இதற்கு நான் தகுவேனா என்று பார்க்கிறேன்.

முறைப்பாட்டாளர் றம்ஸியா. எதிராளி அயல்வீட்டு அப்துல் ஸமட். இரு வளவிலும் ஒவ்வொரு கொடித்தோடை, கடையில் பாஷன் புரூட் என்பார்களே, அது. றம்ஸியாவின் பழம் தேன்; ஸமட்டின் பழம் பல் கூசும் புளி. புளிக்கொடி வேலியேறி விழுகிறது என்பது முறைப்பாடு. வேலிக்கு மூன்றடிக்குள் கொடி நிற்கலாகாது என்பது விதி. அந்த விதியை எழுதியவனும் நானே! அளந்தேன்; ஒன்றரை அடி. வேரோடு அகற்றுக என்றேன்.

"மூண்டடிக் கணக்கு கொடிக்கு விளங்குமா சேர்? ஒங்கட அடிமட்டத்த அதுட கழுத்துல கட்டி உடுங்க, பாத்துப் படரும்!" என்றார் ஸமட். அன்றும் இப்படித்தான் சபை சிரித்தது. மறுநாள் அவரே வெட்டினார்.

அடுத்து வந்த பூவில் றம்ஸியாவுக்கு ஒரு காயும் பிடிக்கவில்லை. வறட்சி என்றோம். மார்கழியில் கடல் எழுந்தது. ஸமட்டைக் கொண்டுபோனது. றம்ஸியாவின் கணவர் முத்தலிபையும் கொண்டுபோனது. உப்பில் கருகாத ஒரே தண்டை றம்ஸியா புது வளவில் நட்டார். பழம் விற்றுப் பிள்ளைகளை வளர்க்க நினைத்தார். பூத்தது, காய்க்கவில்லை. மறுவருடமும் பூத்தது, காய்க்கவில்லை. போர் ஓய்ந்த வருடமும் பூத்தது, காய்த்ததா? இல்லை!

சென்ற மாதம் என் வாசலில் நின்று கேட்டார்: "சேர், இது ஸமட் காக்காட பதுவாவா? அவர் மவுத்தாக முதல் நான் மன்னிப்புக் கேக்கல்லியே."

சாபமல்ல, றம்ஸியா! இந்தச் சபையறியச் சொல்கிறேன். மகரந்தத்தின் மேற்பூச்சில் ஒரு புரதம். அதை இனங்காணப் பூவின் குறியில், மகரந்தம் வந்து விழும் முனையில், இன்னொரு புரதம். இரண்டையும் ஆக்கும் பரம்பரையலகுகள் அருகருகே இருந்து சேர்ந்தே கடத்தப்படுகின்றன. தன் மகரந்தம் வந்தால் பூட்டும் திறப்புமாய்ப் பொருந்தும். பொருந்தியதுமே பூ நீர் மறுக்கும், மகரந்தக் குழாய் முளைக்காது. அந்நிய மகரந்தத்துக்கே வழி. கடுகுக் குடும்பத்தில் இது இப்படி. கொடித்தோடையும் தன்னை ஏற்பதில்லை. தண்டை வெட்டி எங்கே நட்டாலும் அது அதே கொடிதான். அந்தத் தேனுக்குத் தகப்பன் அந்தப் புளி!

இதை எவர் அறிவார்? நான் அறிவேன். அன்று காலை உயர்தர வகுப்பின் கரும்பலகையில் இதைத்தான் எழுதினேன். மாலையில் தீர்ப்பு எழுதினேன்.

உம்மாமார் பக்கம் ஒரு குரல். "அப்ப சேர், இனிக் காய்க்காதா?" அது றம்ஸியா.

காய்க்கும். வேறொரு வேரின் பூ வேண்டும். புளித்தாலும் போதும். உங்கள் எவர் வளவிலாவது கொடித்தோடை நிற்கிறதா? கையுயர்த்துங்கள்.

பின்வரிசையில் என்ன? "எங்கட வளவுல நிண்டது சேர், கடலோட போயிட்டு." உங்களுடையதுமா? உங்களுடையதும்.

ஒரு கையும் எழவில்லை.

தலைவரவர்களே, பொன்னாடையை உங்கள் மேசையில் வைக்கிறேன். நாளை முதல் பாடசாலை விட்டதும் நற்பிட்டிமுனை, அட்டாளைச்சேனை, சாகாமம் என்று, அளக்கப் போன அதே கால்களால் வேலி வேலியாகப் பூக் கேட்டுப் போவேன். ஸமட்டிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அந்த வேலிகளில் கேட்பேன்.

பொறுத்திருந்து கேட்டீர்கள், நன்றி. உங்கள் எல்லோர் மீதும் சாந்தி நிலவட்டும்.