முப்பத்திரண்டு எண்ணிக்கைக்கு ஒரு மூச்சு

அவையை அழகுற நடத்தும் தலைவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, ஒரு பயிற்சியும் தவறாமல் கொண்டுவந்து விட்ட தாய்மார்களே, வாசித்த விரல்களுக்கும் ஊதிய உதடுகளுக்கும் உரிய இசைத் தோழர்களே, உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

'காற்று' என்னும் இந்தத் தொகுப்பு இன்று அச்சேறி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஐந்து பாடல்கள். பாட நாற்பது பிள்ளைகள். பக்கத்தில் கீபோர்டு, வயலின், புல்லாங்குழல். அட்டையில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதில் பாதி பொய். கைதட்டாதீர்கள் ஐயா, பொய் எது என்று கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

ஐந்தாம் பாட்டின் முடிவில் நெடுஞ்சுரம் ஒன்று வைத்தேன். பதினாறு எண்ணிக்கை. நாற்பது குரலும் அறுபடாமல், அசையாமல், ஒரே மூச்சில். காற்றைப் பற்றிய பாட்டில் காற்று நடுவில் நிற்கலாமா? கூடாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இரண்டாம் வரிசையில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி. சிட்டு என்று அழைப்போம். அவளுக்கு இழுப்பு, சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். ஒன்பதாம் எண்ணிக்கையில் அவள் குரல் அறுந்துவிடும். பிறகு வாயை மட்டும் திறந்துகொண்டு நிற்பாள். ஒருநாள் வீம்பாகப் பதின்மூன்று வரை பிடித்தாள். இருமி இருமி, முகம் கறுத்து, நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

மறுநாள் பயிற்சிக்கு அவளோடு அம்மாவும் வந்தார். தையற்கூடத்திலிருந்து நேரே வந்தவர், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை.

"சார், இவளை எடுத்துடுங்க. இவ மூச்சு வாங்கறதைப் பார்த்தா எனக்கு உயிரே போகுது."

சிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நான் நடுவுல நிறுத்தினா பாட்டு கெட்டுடுமா சார்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்மா" என்றேன். இதே வாய்தான் சொன்னது.

குழலைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார்.

"அந்த இடத்துல நான் ரெண்டு தடவை மூச்சு வாங்கறேன் சார். மூணு மாசமா. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லையே."

"நான் விடுற இடத்துல வயலின் இருக்கு. வயலின்காரர் வில்லைத் திருப்பும்போது நான் இருக்கேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இருபது ஆண்டுகளாகக் கைவீசி நடத்திய எனக்கு அந்த 'அவ்வளவுதான்' தெரிந்திருக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு நாள் கொடுங்க" என்று அந்தத் தாயிடம் கேட்டுக்கொண்டு பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் வெவ்வேறு இடத்தில் மூச்சுக் குறி போட்டேன். பக்கத்தில் நிற்பவர் விடும்போது நீ விடாதே. விதி இது ஒன்றே. மற்றவர்களுக்கு மூன்று குறி, சிட்டுக்கு ஏழு. பாடிப் பார்த்தோம். பதினாறு வந்தது, சுரம் நிற்கவில்லை. இருபது வந்தது, நிற்கவில்லை. முப்பத்திரண்டில் நான்தான் கை வலித்து இறக்கினேன். அவளை நீக்கினால்தான் அறுபடாது என்று நான் நினைத்த சுரம், அவளால் இரு மடங்கு நீண்டது.

சென்ற வாரம் அரங்கேற்றம். அந்த அம்மா முன்வரிசையில், கையில் இன்னொரு இன்ஹேலரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் மேடையோரம் வந்தார்.

"இவ எங்க நிறுத்தினான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியலை சார். பெத்தவ எனக்கே தெரியலை."

அன்பர்களே, கூட்டுப் பாட்டு எதற்கு? சத்தம் பெருகவா? சபை அதிரவா? அதற்கு நான்கு ஒலிபெருக்கி போதுமே. ஒருவர் ஓயும்போது ஒருவர் ஒலிக்க, ஒருவர் தளரும்போது ஒருவர் தாங்க, அதற்கல்லவா கூட்டுப் பாட்டு! ஓயலாம், ஒதுங்க வேண்டாம். நிறுத்தலாம், நீங்கிவிட வேண்டாம். மூச்சு வாங்கிவிட்டு மீண்டும் வரலாம். உங்கள் இடம் உங்களுக்காகவே இருக்கும்.

இந்த நூலை எடுத்துச் செல்லும் பாட்டு ஆசிரியர்களே, அந்தக் குறிகள் அப்படியே அச்சாகியிருக்கின்றன; அட்டையில் என் பெயர் மறைக்கும் மறுபாதி அவைதான். அழித்துவிடாதீர்கள். பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, பாடப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லி அமர்கிறேன்.