ஒரு ‘ப்’ கூடுதல்

நர்மதா: இன்னா அண்ணி, கம்பெனி கேட் வரிக்கும் வந்துக்கிற? ஃபோன்ல சொல்லக்கூடாதா?

கல்பனா: உங்கண்ணன பக்கத்துல வெச்சிக்கினு எப்பிடி சொல்றது?

நர்மதா: சண்டையா?

கல்பனா: சண்ட போட்டா தேவலயே... நேத்து ஆஸ்பத்திரி போனோமில்ல?

நர்மதா: கொழந்த வைத்தியத்துக்கு தானே? இன்னா சொன்னாங்க?

கல்பனா: ஆதார் நம்பர அடிச்சா, நான் முட்டை குடுத்தவன்னு வருதாம்.

நர்மதா: முட்டையா!

கல்பனா: கடை முட்டை இல்லடீ. கருமுட்டை. கொழந்த இல்லாதவங்களுக்கு வாங்கி வெக்கிறாங்களே, அது.

நர்மதா: ஓ...

கல்பனா: அத்தோட வுட்டுச்சா? புள்ள பெத்தவ தான் குடுக்கணுமாம். அதுவும் ஆயுசுக்கும் ஒரே தடவ. எனக்கு எட்டு வயசுல பொண்ணு இருக்குதுன்னு எழுதிக்கிது.

நர்மதா: கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்...

கல்பனா: கல்யாணமாகி ஆறு வருசம் தான் ஆவுது. கோயில் கோயிலா சுத்தறேன். கம்ப்யூட்டரு எட்டு வயசுல புள்ள குடுத்துக்கிது பாரு! இத சரி பண்ணாம வைத்தியமே கெடையாதாம்.

நர்மதா: அண்ணன் இன்னா சொல்லிச்சு?

கல்பனா: குனிஞ்ச தல நிமிரல. கல்யாணத்துக்கு முன்னாடியே பெத்து மறச்சிட்டேன்னு நெனக்கிறாரு போல.

நர்மதா: சீச்சீ... அண்ணன் அப்பிடியெல்லாம் நெனக்காது.

கல்பனா: நர்சம்மா அந்த ஃபாரத்த காமிச்சாங்க. கையெழுத்து ‘கல்ப்பனா’ன்னு இருக்குது.

நர்மதா: உன் பேரு தானே?

கல்பனா: நடுவுல ஒரு ‘ப்’ கூடுதல். தீவாளி புடவ கவர் மேல அப்பிடி எழுதுனது யாரு?

நர்மதா: எனக்கு லேட்டாவுது அண்ணி.

கல்பனா: உன் பொண்ணுக்கு இன்னா வயசு?

நர்மதா: பஸ்ஸு வந்துடுச்சி அண்ணி.

கல்பனா: போவட்டும். பதில் சொல்லு.

நர்மதா: மொத தடவ எம் பேர்ல குடுத்துட்டேன். ரெண்டாவதுக்கு வேற ஆதாரு கொண்டான்னு புரோக்கரக்கா சொல்லிச்சு. ஆதார் போட்டோல யாரு மூஞ்சி தெரியுது...

கல்பனா: எங்கிட்ட கேட்டியா?

நர்மதா: கேட்டா குடுத்திருப்பியா?

கல்பனா: செருப்பால அடிச்சிருப்பேன்! போன வருசம் வவுறு வீங்கி லீவு போட்டியே... அதானா?

நர்மதா: அதான். முட்டை வளர பத்து நாளு ஊசி.

கல்பனா: அடிப்பாவி... செத்து கித்து போயிருந்தா? எம் பேர்ல தானடீ செத்திருப்ப!

நர்மதா: அழாத அண்ணி. எல்லாரும் பாக்குறாங்க.

கல்பனா: இப்பவே ஊட்டுக்கு வா. எம்மேல தப்பில்லன்னு உங்கண்ணன் கிட்ட நீயே சொல்லு. அவருக்குத் தெரியணும்.

நர்மதா: அண்ணி... பீரோ சாவி யார்ட்ட இருக்குது?

கல்பனா: எங்கிட்ட ஒண்ணு. அவர்ட்ட ஒண்ணு. ஏன்?

நர்மதா: உன் மொத டெஸ்ட்டுக்கெல்லாம் காசு எங்க இருந்து வந்துதுன்னு நெனச்ச? பீரோலேர்ந்து ஆதார எடுத்தாந்து குடுத்ததே அண்ணன் தான்.