அம்மாவுக்கு முன்னால் ஒரு மைக்

பிரசன்னா: ...அதத்தான் நானும் கேக்குறேன். பாட்டு கேட்டுச்சு, பிரசங்கம் கேட்டுச்சு. அம்மா வாயத் தொறந்தவொடனே மட்டும் சத்தம் எங்க பூட்ச்சு?

ஜான்சி: நெட்வொர்க்ண்ணா. எத்தன தடவ சொல்றது?

பிரசன்னா: நெட்வொர்க் பூட்டா படமும் பூடும் பாப்பா. படம் கண்ணாடி மாதிரி கீது. அப்பா பெட்டியாண்ட குந்திகினு அம்மா மார்ல அடிச்சிக்குது... வாய் மட்டும் அசையுது. ஏழு நிமிஷம்.

ஜான்சி: அத உக்காந்து எண்ணிட்டு இருந்தியா?

பிரசன்னா: டூட்டி முடிஞ்சா கத்தார்ல எனக்கு வேற இன்னா வேல? லீவு கெடைக்கல. அப்பாவ அடக்கம் பண்ணத நான் பாத்ததே உங்க சர்ச்சு லைவுலதான... பத்து நாளா அதான் ஓடுது.

ஜான்சி: அண்ணா, அழாத.

பிரசன்னா: யாரு அழுவுறா? ஏசி தண்ணி சொட்டுது.

ஜான்சி: நீயே ஏசி மெக்கானிக்கு. உன் ரூம் ஏசியே சொட்டுதா?

பிரசன்னா: பேச்ச மாத்தாத. சர்ச்சுல சவுண்டு, கேமரா எல்லாம் நீதான? மீடியா டீம் லீடரம்மா. நம்ம வூட்ல மொத டிகிரி.

ஜான்சி: கிண்டலா? சரி... நிஜத்தையே சொல்றேன். நெட்வொர்க் இல்ல. மியூட் பண்ணிட்டாங்க.

பிரசன்னா: யாரு?

ஜான்சி: சர்ச்சுதான், வேற யாரு! ஒப்பாரி வெச்சா சர்ச்சோட சாட்சி, நல்ல பேரு கெட்டுப்போகுமாம். நம்பிக்கை இல்லாதவங்கதான் மார்ல அடிச்சு அழுவாங்களாம். வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, பின்னாடி கீபோர்டு வாசிக்க, கண்ணோரமா ரெண்டு சொட்டு விட்டா அது கிறிஸ்தவ துக்கம். அதுவும் லைவ்னா கேக்கவே வேணாம். வெளிநாட்டுல பாக்குறாங்களாம்! வெளிநாட்டுல யாரு பாத்தா? நீ பாத்த. பெத்த புள்ள.

பிரசன்னா: இரு, இரு... எட்மண்ட் பாஸ்டரா அப்டி சொன்னாரு?

ஜான்சி: எல்லாரும்தான். கமிட்டி. செவப்புக் கம்பளம், கலர் லைட்டு, இங்கிலீஷ் கோரஸ்... ஊரப்பாக்கத்துல குந்திகினு அமெரிக்கா மாதிரி ஆராதன பண்ணுவாங்க. சித்தாளு வேலைக்குப் போற பொம்பள எப்படி அழணும்னு இவங்க ஸ்லைடு போட்டுக் காட்டுவாங்க!

பிரசன்னா: பாத்தியா, கோவம் வந்தா உனக்கும் 'குந்திகினு' வந்துருது.

ஜான்சி: சிரிக்காத.

பிரசன்னா: சரி, அம்மாவ இன்னொரு வாட்டி பாடச் சொல்லேன். போன புடி, நான் கேக்குறேன்.

ஜான்சி: கேட்டுட்டேன். 'நான் இன்னா ரேடியோவாடி'ன்னு மூஞ்சத் திருப்பிக்கிச்சு. உங்கப்பன் எதிர்ல படுத்துகினு இருந்தாரு, வந்துது. இப்ப யாரப் பாத்துப் பாடன்னு கேட்டுச்சு.

பிரசன்னா: ரெக்கார்டிங்குல கூட...?

ஜான்சி: லைவுக்குப் போறதுதான் பதிவாகும். அதுல போகாதது எங்கயும் இருக்காது.

பிரசன்னா: ஒரு வரி கூட உனுக்கு ஞாபகம் இல்லியா?

ஜான்சி: ...மொத வரி. 'ஊரு வூடெல்லாம் பூசுனியே ராசா... உன் வூட்டுச் செவுத்துல செங்கலு தெரியுதே ராசா...'

பிரசன்னா: ஆமா... பூசவே இல்ல. கொத்தனாரு வேலையில மாடம்பாக்கத்துல எத்தினி மாடி பூசியிருப்பாரு மனுஷன். நம்ம செவுரு அப்டியே நிக்குது... அப்பால?

ஜான்சி: தெரியல. கவனிக்கல.

பிரசன்னா: காதுல ஹெட்போன் மாட்டிகினு கீற. கவனிக்கலயா?

ஜான்சி: தெரியலன்னு சொல்றேன்ல!

பிரசன்னா: சரி, சரி. ஒரே ஒரு டவுட்டு. வீடியோல அம்மாவுக்கு முன்னால ஒரு மைக்கு கீது. சின்ன ஸ்டாண்டுல. வாய்க்கு நேரா.

ஜான்சி: பாட்டுக்கு வெச்சிருப்பாங்க.

பிரசன்னா: பாட்டு பாடுறவங்க மேடையில நிக்கிறாங்க. கீழ குந்திகினு கீற பொம்பளைங்களாண்ட எதுக்கு மைக்கு? வாய அடைக்கணும்னு நெனக்கிறவன் மைக்கு வெப்பானா பாப்பா?

ஜான்சி: அது எனக்கெப்படித் தெரியும்?

பிரசன்னா: நேத்து பாஸ்டர் போன் பண்ணாரு. ஜெபம் பண்ண. அவுரு பேசிகினே போறாரு... கமிட்டியோட ரெண்டு மாசமா சண்டையாம். இந்த ஜனம் வூட்ல எப்டி அழுவுதோ, கர்த்தர் முன்னாடியும் அப்டியே அழட்டும்னு. ஆராதனையிலயே ஒப்பாரிக்குப் பத்து நிமிஷம் எழுதி வெச்சாராம். நம்ம அப்பாதுதான் மொதோ அடக்கம் அந்த மாதிரி. மைக்க அவுரே தூக்கியாந்து வெச்சாராம். 'தூரத்துல மகன் கேக்கணும் இல்லப்பா'ன்னாரு.

ஜான்சி: அவர்கிட்ட நீ...

பிரசன்னா: சொல்லல. எனுக்கு ஒண்ணும் கேக்கலன்னு நான் சொல்லவேல்ல. ஹால்ல எல்லாருக்கும் கேட்டுச்சாம். லைவுக்கும் பூட்ச்சுன்னுதான் அவுரு நெனச்சிகினு கீறாரு.

ஜான்சி: அப்ப, எல்லாம் தெரிஞ்சுகினுதான் இவ்ளோ நேரம் கேட்டியா...

பிரசன்னா: உன் வாயால வரட்டும்னு பாத்தேன். திட்டமாட்டேன், சொல்லு. ஏன் பாப்பா?

ஜான்சி: ஆபீஸ்ல நாப்பது பேருக்கு லிங்க் அனுப்பியிருந்தேண்ணா. எங்கப்பா ஏசுபாதம், பில்டிங் கான்ட்ராக்டர்னு போட்டு... சேந்த நாள்லேர்ந்து அப்டித்தான் சொல்லி வெச்சிருக்கேன். அந்த மைக்க லைவுக்கு விடுறதுக்குள்ளயே அம்மா செங்கல்லுன்னு ஆரம்பிச்சுது, ஹெட்போன்ல கேட்டுச்சு. அடுத்து கரண்டி வரும், கூலி வரும், ஒழுகுற கூரை வரும்னு தெரிஞ்சுபோச்சு... நான்தாண்ணா மியூட்ட அமுக்கினேன். அமுக்கிட்டு அந்த நாப்பது பேருக்கும் மெசேஜ் போட்டேன்... 'சாரி, நெட்வொர்க் ப்ராப்ளம்'னு.