பாலத்து வழி

— அந்தச் சட்டைய அப்புறம் தேய்ச்சுக்கலாம்ங்க. மொதல்ல இந்த மெயிலுக்கு ஒரு பதில் போடுங்க. வேலை தரோம்னு சொல்லி நாலு நாளாச்சு. இன்னைக்கு சாயங்காலத்தோட கெடு முடியுது.

— ரெண்டு மணிக்கு டூட்டி. கசங்கின சட்டையோட ஆம்புலன்ஸ்ல ஏறினா, இதுல யாரு நோயாளின்னு கேப்பாங்க.

— பேச்ச மாத்தாதீங்க. எட்டு மாசம் விழுந்து விழுந்து புரோகிராமிங் படிச்சீங்க. வகுப்புல பொடிசுங்க எல்லாம் அங்கிள் அங்கிள்னு கூப்பிட்டப்பகூட விடல. நாப்பத்தஞ்சு வயசு ஆள நம்பி ஒருத்தர் வேலை தராரு. அத வேண்டாங்கிறதா?

— வேண்டாம்னு சொன்னேனா? யோசிக்கிறேன்னுதானே சொன்னேன்.

— உங்க யோசனை எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா பாக்குறேன்.

— சரி, கேளு. அந்த லேப்டாப்பத் திற. மொதல்ல இருக்கிறத அமுக்கு.

— கட்டம் கட்டமா என்னமோ வருது.

— நான் எழுதின புரோகிராம். வகுப்புல குடுத்தது இல்ல, நானா எழுதினது. வண்டியோட பழைய ட்ரிப் ஷீட்டு மொத்தத்தையும் உள்ள ஏத்தியிருக்கேன். எத்தனை மணிக்கு, எந்த ரோட்டுல போனா, ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம்னு சொல்லும்.

— கெளம்புற எடத்துல நம்ம வீட்டு விலாசம் இருக்கு.

— ம்.

— தேதி... ஏங்க, இது அப்பா போன தேதி.

— ஆமா. மாமாவ ஏத்திட்டுப் போனது நான்தானே. மார்க்கெட் ரோட்டுல நெரிசலா இருக்கும்னு பாலத்து வழியா திருப்பினேன். கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு வருஷமா அந்தப் பாலத்துல ஏறும்போதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தத்தான் எண்ணிட்டிருக்கேன்.

— அதுக்குத்தானே இந்த வண்டியே வேண்டாங்கிறேன். வகுப்புல உங்கள சேத்துவிட்டதே நான்தானே.

— நீ வேற வேலைக்காக சேத்துவிட்ட. நான் இந்த ஒரு கணக்கப் போட்டுப் பாக்கத்தான் படிச்சேன்.

— பாத்தீங்களா?

— போன வாரமே எழுதி முடிச்சுட்டேன். கடைசியா அந்த ஒரு பட்டனத் தட்ட மூணு நாள் தைரியம் வரல.

— என்ன சொல்லுச்சு?

— மார்க்கெட் வழியா போயிருந்தாலும் ரெண்டு நிமிஷம்தான் மிச்சம். ரெண்டே ரெண்டு நிமிஷம். நம்பாம திருப்பித் திருப்பி ஓட்டிப் பாத்தேன். அதே பதில்தான். அன்னைக்கு பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

— எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— பயம். முன்னெல்லாம் ஒரு நாள் தவறாம என் யூனிஃபார்ம தேய்ச்சு மடிச்சு வெப்ப. மாமா போன நாள்லேர்ந்து அத நீ தொடுறதே இல்ல. அப்பன கொன்னவன் சட்டைய எப்படித் தொடுறதுன்னு...

— ஐயோ, அப்படிப் பேசாதீங்க.

— விடு. நெஞ்சுல இருந்த கல்லு எறங்கிருச்சு. இனிமே எனக்கு எதுக்கு வேற வேலை? எனக்குத் தெரிஞ்ச பொழப்பு ஸ்டியரிங்தான். வரலேன்னு அவங்களுக்கு மரியாதையா எழுதிடறேன்.

— வேண்டாங்க. அந்த வேலைக்கே போயிருங்க. இந்தச் சட்டைய இனிமே நீங்க போடவே வேண்டாம்.

— ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற? என் மேல தப்பில்லன்னுதான் தெரிஞ்சு போச்சே. ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. நாலேகாலுக்கு மாமாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. அடுத்த நிமிஷம் நீ போன் பண்ணிட்ட. எட்டு நிமிஷத்துல வண்டியோட நான் வாசல்ல நின்னேன். அப்புறம் டாக்டர் சொன்ன அந்தக் கால் மணி நேரம் எங்கதான் போச்சு?

— இஸ்திரிப் பெட்டியத் தூக்குங்க. சட்டை கருகுது.

— அது கிடக்கட்டும். நீ ஏன் அழற?

— அப்பா வலிக்குதுன்னு கூப்பிட்டது நாலு மணிக்குங்க. வாரத்துல மூணு நாள் சொல்றதுதானேன்னு, இருங்கப்பா, இதோ வரேன்னுட்டு, உங்க சட்டையெல்லாம் தேய்ச்சு முடிச்சேன்.